மூன்று விநாடி வேலையும் இரண்டரை மணி நேரக் கதையும்: 'தி ஃபால் கை' பற்றி ஒரு பழைய ஃபைட்டர்

150 அடி உயரத்திலிருந்து ஒருவன் விழுந்தால் கீழே வந்து சேர மூன்று விநாடி ஆகும். காற்றுப்பையைத் தொடும்போது வேகம் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். ஸ்டண்ட் தொழில் மொத்தமும் இப்படி விநாடிக் கணக்குதான். கார் உருண்டால் ஐந்தாறு விநாடி. உடம்பில் தீயோடு ஓடினால் பத்துப் பதினைந்து விநாடி. மீதி நாள் முழுக்க அளப்பது, கட்டுவது, கழற்றுவது, மறுபடி கட்டுவது, லைட் சரியில்லை என்று சும்மா உட்கார்ந்திருப்பது, டீ குடிப்பது.

இந்தத் தொழிலை வைத்துக் கதை பண்ண உட்காருகிறவனுக்கு முதல் சிக்கலே இதுதான். மூன்று விநாடியைக் காட்டிவிட்டான், சரி. அப்புறம்?

ஒரு ஸ்டண்ட்மேனைப் பற்றிய ஹாலிவுட் படமான 'தி ஃபால் கை' 2024 மே மாதம் தியேட்டருக்கு வந்தபோது 2 மணி 6 நிமிடம் ஓடியது. வீட்டில் பார்க்கக் கிடைக்கிற நீட்டிப்புப் பதிப்பு அதைவிட 20 நிமிடம் கூடுதல். நான் இரண்டையும் பார்த்தேன். எதைப் பார்க்கலாம், காசு கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். கூடவே, ஃபைட்டராக இருந்துகொண்டே 'அண்ணே, நம்ம வாழ்க்கையை ஒரு கதையா எழுதணும்ணே' என்று சொல்லிக்கொண்டு திரிகிற நாலைந்து தம்பிகளுக்காகவும்.

நான் வடபழனிப் பக்கம் ரொம்ப வருடம் ஃபைட்டராக இருந்தவன். முட்டி போனபிறகு ரோப் வேலைக்கு மாறிவிட்டேன். அதாவது மேலே தொங்குகிறவன் நான் இல்லை, கீழே நின்று இழுக்கிறவன், விடுகிறவன். ராத்திரியில் சிறுகதை எழுதுவேன். எதுவும் பெரிதாக வெளியே வரவில்லை, அது வேறு விஷயம். ஆகவே இந்தப் படத்தைப் பாதி தொழிலாளியாகவும் பாதி எழுதுகிறவனாகவும்தான் பார்த்தேன்.

இயக்குநர் டேவிட் லீச் அந்த ஊர் டூப். பிராட் பிட்டுக்கு டூப் போட்டவர். அவருடைய பழைய பார்ட்னர் சாட் ஸ்டாஹெல்ஸ்கி, 'தி மேட்ரிக்ஸ்' படத்தில் கீனு ரீவ்ஸுக்கு டூப். இரண்டு பேரும் சேர்ந்து ஸ்டண்ட் கம்பெனி வைத்து, அப்படியே இயக்கத்துக்கு வந்தவர்கள். இந்தப் படத்துக்கு மூலம் 1981 முதல் 1986 வரை ஓடிய ஓர் அமெரிக்க டிவி தொடர். அதில் லீ மேஜர்ஸ் பகலில் ஸ்டண்ட்மேன், மீதி நேரத்தில் தலைமறைவுக் குற்றவாளிகளைப் பிடித்துக் கொடுத்துக் காசு பார்க்கிறவர். அந்தக் காலத்திலேயே பாருங்கள், ஸ்டண்ட்மேனை ஸ்டண்ட்மேனாக மட்டும் வைத்துக் கதை ஓட்ட முடியாது என்று முடிவு கட்டி, கையில் இன்னொரு வேலையையும் கொடுத்துவிட்டார்கள்.

படத்தில் ரையான் கோஸ்லிங் பெயர் கோல்ட் சீவர்ஸ். டாம் ரைடர் என்கிற பெரிய ஸ்டாருக்கு நிரந்தர டூப். கேமரா வேலை பார்க்கிற ஜோடி என்கிற பெண் மேல் காதல். அந்த வேடத்தில் எமிலி பிளன்ட். ஆரம்பத்திலேயே ஓர் உயரமான கட்டடத்தின் உள்ளே மேலிருந்து கீழே விழுகிற ஷாட். ஒரு டேக் நன்றாகவே வந்துவிடுகிறது. ஆனால் ஸ்டாருக்குத் திருப்தி இல்லை. டூப்பின் முகம் தெரிகிறதாம், இன்னொன்று போகலாம் என்கிறார். இரண்டாவது டேக்கில் முதுகெலும்பு போகிறது.

இந்த ஒரு காட்சிக்காக லீச்சுக்கு ஒரு சலாம். விபத்து பெரிய சாகசத்தில் நடக்கவில்லை, 'ஒன் மோர்' என்ற வார்த்தையில் நடக்கிறது. தொழிலில் இருக்கிறவனுக்கு இது உடனே புரியும். முதல் டேக்குக்கு எல்லோருக்கும் பயம் இருக்கும். மாஸ்டர் தானே வந்து கொக்கியைத் தொட்டுப் பார்ப்பார். கற்பூரம் காட்டுவார்கள். டேக் ஓகே ஆனதும் எல்லோரும் கை தட்டி, டூப்பின் தோளில் தட்டி, மூச்சு விட்டு, அந்த இறுக்கம் கலைந்துபோகும். அதற்கப்புறம் மானிட்டர் பக்கமிருந்து 'இன்னொன்று போகலாமா' என்று குரல் வருகிறதே, அப்போதுதான் ரோப்காரன் கவனமாக இருக்க வேண்டும். ஏனென்றால் மற்ற எல்லோரும் மனசளவில் பேக்அப் ஆகியிருப்பார்கள்.

கோல்ட் மேலே போகும்போது வாக்கிடாக்கியில் காதலியோடு பேசிக்கொண்டே போகிறான், பேசிக்கொண்டே ரோப்பில் பூட்டப்படுகிறான், கேமரா அவனை விட்டு நகர்வதே இல்லை. பூட்டுகிற ஆளின் முகத்தை ஒழுங்காகக் காட்டியிருந்தால் நான் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். கொக்கியைப் பூட்டியதும் அதன் மரையை இரண்டு விரலால் கடைசிவரை திருக வேண்டும். திருகியதும் ஒரு கால் திருகு திரும்பவும் தளர்த்துகிற ஆட்கள் உண்டு, இல்லாவிட்டால் எடை விழுந்தபிறகு கழற்ற வராது என்பார்கள். அப்புறம் ரோப்பை ஒரு தடவை வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பது. அதைத் தொங்கப்போகிறவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே செய்வது எங்கள் பழக்கம். அவன் கண் தப்பினால் இன்னொரு தடவை இழுப்போம். பெரிய வசனமெல்லாம் தேவையில்லாத ஒரு காட்சி அது. படத்தில் அது போகிற போக்கில் போய்விடுகிறது.

விழுந்தபிறகு 18 மாதம் காணாமல் போகிறான். ஓட்டல் வாசலில் கார் பார்க் பண்ணிக் கொடுக்கிற வேலை. கார் ஓட்டத் தெரிந்தவனுக்கு அதுதானே கிடைக்கும். எங்கள் பக்கத்தில் கால் டாக்சி ஓட்டுகிற பழைய ஃபைட்டர்கள் எத்தனையோ பேர். சில பேர் மால் வாசலில் யூனிஃபார்ம் போட்டு நிற்கிறார்கள், உடம்பு பார்க்க வாட்டசாட்டமாக இருக்கிறதே. அந்த இடத்தில் படம் இரண்டு நிமிடம் நிற்கிறது, சிரிப்புக் காட்டுகிறது, கிளம்பிவிடுகிறது. ஆஸ்பத்திரிச் செலவு யார் கொடுத்தது, வாடகை எப்படிக் கட்டினான், ஒரு கேள்வி கிடையாது. 20 நிமிடம் நீட்டினீர்களே, அதில் ஐந்தை இங்கே போட்டிருக்கலாம்.

சரி, திரும்ப வருவோம். தயாரிப்பாளர் கூப்பிட, கோல்ட் சிட்னிக்கு வருகிறான். அங்கே ஜோடி தன் முதல் படத்தை இயக்கிக்கொண்டிருக்கிறாள். இவன் வந்தது அவளுக்குத் தெரியாது. முதல் நாளே கடற்கரையில் கேனன் ரோல்.

கேனன் ரோல் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: காரை வெறுமனே ஓட்டி, திருப்பி, கவிழ்த்துவிட முடியாது. நவீனக் கார்கள் கவிழாமல் இருப்பதற்காகவே செய்யப்பட்டவை. அதனால் காரின் அடியில் தரையைப் பார்த்தாற்போல் ஒரு குழாயை வெல்டிங் வைத்து, அதற்குள் ஒரு தண்டைச் செருகி, அழுத்தம் கொடுத்த வாயுவால் அதை வெடித்துத் தள்ளுவார்கள். தண்டு தரையை உதைக்கும், கார் எகிறிப் புரளும். ஓட்டுகிறவனே வேகத்தைப் பிடித்து, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஒடித்து, அந்த நொடியில் பட்டனை அழுத்த வேண்டும். முன்னால் அழுத்தினால் கார் மல்லாந்து அப்படியே நின்றுவிடும். பின்னால் அழுத்தினால் வேகம் போயிருக்கும். 2006-இல் வந்த 'கேசினோ ராயல்' படத்தில் ஆடம் கர்லி ஓர் ஆஸ்டன் மார்ட்டினை இப்படி 7 சுற்று சுற்றவைத்தார், அது கின்னஸில் ஏறியது. 'தி ஃபால் கை'க்காக லோகன் ஹாலடே 8½ சுற்று சுற்றி அதை உடைத்தார்.

இந்தச் சாதனையைப் பேசாத விமர்சனமே இல்லை. எனக்குப் பிடித்தது அதற்கு முன்னால் மணலைப் பற்றி வருகிற பேச்சு. கடற்கரை மணல் கான்கிரீட் கிடையாது. அலை வந்து போன இடம் ஒரு பதம், ஐந்தடி தள்ளி வேறு பதம். தண்டு உதைக்கிற இடத்தில் மணல் பொலபொலவென்று இருந்தால் உதை மணலுக்குள் போய்விடும், கார் எழும்பாது. ஈரம் சரியாக இருந்து, இறுகி இருந்தால்தான் எகிறும். நான் இதை எழுதும்போது என்னோடு வேலை பார்க்கிற தம்பி பக்கத்தில் இருந்து எட்டிப் பார்த்து, 'அண்ணே, கார் சுத்துறத எழுதாம மண்ணப் பத்தி எழுதிட்டு இருக்கீங்களே' என்கிறான். அதுதான் தம்பி கதை. கார் சுற்றுவதை யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

கார் நின்றபிறகு உள்ளேயிருந்து ஒரு கை வெளியே வந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறது. உயிரோடு இருக்கிறேன், நல்லா இருக்கிறேன் என்று சைகை. படம் முழுக்க இந்தக் கட்டைவிரலை ஒரு நூலாகக் கோத்துப் போகிறார்கள். எலும்பு முறிந்திருந்தாலும் விரல் தூக்குவான், காதல் முறிந்திருந்தாலும் விரல் தூக்குவான். எங்கள் ஊரிலும் இதே சைகைதான். பெட்டி மேலேயோ மெத்தை மேலேயோ விழுந்தவன் கையைத் தூக்கும்வரைக்கும் செட்டில் ஒரு சத்தம் இருக்காது. தூக்கினால்தான் கட் சொன்னதற்கே அர்த்தம். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பதுதான் பதில். வலிக்கிறது என்றால் அடுத்த படத்துக்குக் கூப்பிடமாட்டார்கள். ஒரு தடவை ஒரு கம்பெனியில் தோள் இறங்கிப் போய், விரலைத் தூக்கிவிட்டு, கேரவன் பின்னால் போய் உட்கார்ந்து நானே அழுதிருக்கிறேன். அன்றைய பேட்டாவே எனக்கு நாலு மாதம் கழித்துத்தான் வந்தது. பெயர் சொல்லி என்ன ஆகப்போகிறது.

அதற்கடுத்து வருகிறது தீ. கோல்டின் மேல் நெருப்பு வைத்து, பாறையில் அடிக்கவைத்து, மறுபடி மறுபடி அதே டேக்கை எடுத்துக்கொண்டே ஜோடி மெகாஃபோனில் தங்கள் காதல் ஏன் அறுந்தது என்று மொத்த யூனிட்டும் கேட்க விவாதிக்கிறாள். தன் படத்தின் கதையைச் சொல்வதுபோலச் சொல்கிறாள், ஆனால் எல்லோருக்கும் தெரியும். படத்தின் உச்சம் என்று நான் சொல்வது இதைத்தான். ஸ்டண்ட் வேலைக்கும் கதைக்கும் நடுவில் தையலே தெரியாத ஒரே காட்சி. ஒரு ஷூட்டிங்கில் ரகசியம் என்று ஒன்றும் கிடையாது, யார் யாரோடு சண்டை என்று டீ கொடுக்கிற பையனுக்குக்கூடத் தெரியும். அந்த உண்மையைத் தீயோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள்.

தீ ஷாட்டில் இன்னொரு விஷயம். நெருப்பு வைப்பதற்கு முன்னால் உடம்பு முழுக்க ஜெல் தடவுவார்கள், உள்ளே போடுகிற துணியையும் ஜெல்லில் ஊறவைத்திருப்பார்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த இட்லி மாவை முதுகில் பூசின மாதிரி இருக்கும். லைட் ரெடியாகும்வரை அப்படியே நிற்க வேண்டும். பல்லெல்லாம் அடித்துக்கொள்ளும். எரியப்போகிறவன் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் வெளியாள் சிரிப்பான். பற்றவைத்த முதல் இரண்டு விநாடி சுகமாக இருக்கும், உண்மையாகவே சொல்கிறேன், கதகதப்பு. அப்புறம் மூச்சு. உள்ளே இழுக்கக் கூடாது, இழுத்தால் நெருப்புதான் உள்ளே போகும். சூடு தாங்கவில்லை என்றால் குப்புறப் படுத்துவிட வேண்டும், அது அணைக்கச் சொல்கிற சைகை. இதெல்லாம் படத்தில் இல்லை. இருந்திருந்தால் அந்தக் காட்சி இன்னும் சிரிப்பாகவும் இன்னும் பயமாகவும் இருந்திருக்கும்.

இங்கே வரைக்கும் நான் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தேன். அதற்கப்புறம் கதை என்று ஒன்று தொடங்குகிறது.

ஸ்டார் காணாமல் போய்விட்டார், அவரைக் கோல்ட் தேட வேண்டும். ஒரு பிணம். ஒரு செல்போன். போதை மருந்து ஆட்கள். பிரெஞ்சில் சொன்னால் கேட்கிற ஒரு நாய். சிட்னித் தெருவில் லாரிக்குப் பின்னால் குப்பைத் தொட்டியில் சண்டை, கை கட்டப்பட்ட நிலையில் படகு ஓட்டுவது. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சுத்தமான வேலை. அந்தக் குப்பைத் தொட்டிச் சண்டையை நான் திரும்பப் போட்டுப் பார்த்தேன், யார் எங்கே பிடித்திருக்கிறான் என்று. ஆனால் கதையாகப் பார்த்தால், மூன்று விநாடிக்கு அப்புறம் என்ன செய்வது என்று தெரியாமல் துப்பறியும் படம் ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டவைத்ததுதான். திரைக்கதை ட்ரூ பியர்ஸ். ஸ்டண்ட்காரர் கிடையாது. அவரைக் குறை சொல்லவில்லை, வசனம் நன்றாக வருகிறது. ஆனால் தொழில் தெரிந்தவர் இயக்க, தெரியாதவர் எழுத, எந்த இடத்தில் யார் கை என்பது பளிச்சென்று தெரிகிறது.

அந்தத் துப்பறியும் கதைக்குள் ஒரு நல்ல முடிச்சு ஒளிந்து கிடக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்டார் செய்த கொலையைக் கோல்ட் செய்ததாக வீடியோவில் முகத்தை மாற்றிவிடுகிறார்கள். யோசித்துப் பாருங்கள். வாழ்நாள் முழுக்க டூப் உடம்பின் மேல் ஸ்டார் முகம். முன்பு விக்கும் சட்டையும் போட்டு முதுகைக் காட்டினோம், இப்போது முகத்தையே கம்ப்யூட்டரில் மாற்றி ஒட்டுகிறார்கள். நல்லது செய்தால் அவர் முகம். முதல் தடவையாக டூப்பின் முகம் திரையில் நேராகத் தெரிகிறது, அது கொலைகாரன் உடம்பின் மேல். இதைவிடப் பெரிய கதை இந்தத் தொழிலில் கிடையாது. 'முகம் தெரிகிறது, ஒன் மோர்' என்று தொடங்கிய படம் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது, ஆனால் அதை ஒரு சதிவேலையாக மட்டும் பயன்படுத்திவிட்டுத் துப்பாக்கியோடு ஓடிவிடுகிறார்கள். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

இதே சிக்கலை இன்னொருவர் 1978-லேயே எதிர்கொண்டார். ஹால் நீதம். அவரும் ஸ்டண்ட்மேன், சும்மா ஸ்டண்ட்மேன் இல்லை, அந்தத் தலைமுறையில் தலையாய ஆள். கேனன் ரோலுக்கே அவர்தான் முன்னோடி. 1974-இல் வந்த ஒரு ஜான் வெய்ன் படத்துக்காகச் சோதனை பண்ணும்போது முதுகெலும்பை உடைத்துக்கொண்டார். ஸ்டண்ட்காரர்களுக்கென்று ஒரு சங்கமும் தொடங்கியவர். பர்ட் ரெனால்ட்ஸுக்கு டூப் போட்டு, அவர் வீட்டிலேயே வருடக்கணக்கில் தங்கி, அவரை வைத்தே படம் இயக்க வந்தார். முதல் படம் பெரிய ஓட்டம் ஓடியபிறகு எடுத்ததுதான் 'ஹூப்பர்'. ரெனால்ட்ஸ்தான் ஸ்டண்ட்மேன் சன்னி ஹூப்பர்.

'ஹூப்பர்' இப்போது பார்த்தால் பழசாகத்தான் இருக்கும். நடுவில் பாரில் குடித்துவிட்டு அடித்துக்கொள்கிறார்கள், ஜோக்குகள் பாதி எடுபடவில்லை, சாலி ஃபீல்டுக்குக் கவலைப்படுவதைத் தவிர வேலை இல்லை. ஆனால் மூன்று விநாடிக்கு அப்புறம் என்ன என்ற கேள்விக்கு நீதமிடம் ஒரு பதில் இருந்தது: வயசு. ஹூப்பருக்கு உடம்பு தேய்ந்துபோய்விட்டது, மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலை பார்க்கிறான். இன்னொரு அடி தப்பாகப் பட்டால் கழுத்துக்குக் கீழே அசைவு இருக்காது என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். பின்னாலேயே ஒரு சின்னப் பையன் வந்து நிற்கிறான், இவனைவிட உயரமாகக் குதிக்கிறவன். காதலியின் அப்பா ஒரு ரிட்டையர் ஆன ஸ்டண்ட்மேன், அவரைப் பார்த்தால் தன் நாளைய நிலைமை தெரிகிறது. மூன்று தலைமுறையை ஒரே வீட்டில் உட்காரவைத்துவிட்டார். பிணமும் வேண்டாம், செல்போனும் வேண்டாம்.

அந்தப் படம் தொடங்குவதே அவன் உடம்பில் பேட் கட்டுவதில்தான். தழும்பு, பட்டை, முட்டிக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று. முகம் அப்புறம்தான். ஃபைட்டராக இருந்த ஒருவனைத் தவிர வேறு யாருக்கும் அங்கே தொடங்கத் தோன்றாது.

'ஹூப்பர்' படத்துக்காக ஏ.ஜே. பக்குனாஸ் என்பவர் ஹெலிகாப்டரிலிருந்து 232 அடி விழுந்தார், அன்றைக்கு அது சாதனை. அதை வேறொருவர் முறியடிக்க, திரும்பப் பிடிப்பதற்காக வேறொரு படத்துக்கு 315 அடி குதித்தார். காற்றுப்பை கிழிந்துவிட்டது. அதே 1978-இல், 'ஹூப்பர்' வந்து இரண்டு மாதம்கூட முழுதாக ஆகாத நேரத்தில், இறந்துபோனார். தன்னைவிட உயரமாகக் குதிக்கிறவனைப் பார்த்துப் பொறுக்காத ஆளைப் பற்றிய படம் அது. அதை எடுத்தவர்களோ பார்த்தவர்களோ அந்த வருடக் கடைசியில் என்ன நினைத்திருப்பார்கள்.

லீச்சின் படத்தில் யாருக்கும் வயசாகவில்லை. முதுகெலும்பு உடைந்த கோல்ட் 18 மாதத்தில் திரும்பி வந்து, மூன்று நாளில் படத்தில் இருக்கிற அத்தனை அடியையும் வாங்குகிறான், சட்டை கசங்கியதைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. காமெடிப் படம், அப்படித்தான் இருக்கும் என்பீர்கள். 'ஹூப்பர்'கூடக் காமெடிதான்.

இப்படிச் சொல்வதால் லீச் சும்மா பொழுதுபோக்கிவிட்டுப் போய்விட்டார் என்று இல்லை. படத்துக்கு வெளியே அவர் செய்தது பெரிது. கிறிஸ் ஓஹாராவுக்கு இந்தப் படத்தில் 'ஸ்டண்ட் டிசைனர்' என்று டைட்டில் போட்டார்கள், அந்தப் பெயரில் டைட்டில் வாங்கிய முதல் ஆள் அவர். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஆஸ்கர்காரர்களிடம் பேசிக்கொண்டே இருந்தார்கள். 2025 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது, 2027-இல் வரும் படங்களிலிருந்து ஸ்டண்ட் டிசைனுக்கு ஆஸ்கர், 2028 விழாவில் முதல் தடவை கொடுப்பார்கள். அதற்கு முன்னால் என்ன நடந்தது தெரியுமா? 2020-இல் பிராட் பிட் ஒரு ஸ்டண்ட்மேனாக நடித்ததற்காக ஆஸ்கர் வாங்கினார். லீச் யாருக்கு டூப் போட்டாரோ அதே பிராட் பிட். ஸ்டண்ட்மேனாக நடித்தால் கிடைக்கும், ஸ்டண்ட்மேனாக இருந்தால் கிடைக்காது. நம்ம ஊர் தேசிய விருதில் இந்தப் பிரிவு 64-ஆவது விருதுகளிலேயே வந்துவிட்டது, 'புலிமுருகன்' படத்துக்காகப் பீட்டர் ஹெய்ன் வாங்கினார். இந்த ஒரு விஷயத்தில் நாம் அவர்களுக்கு முந்திவிட்டோம்.

மற்ற விஷயத்தில் அப்படிச் சொல்ல வாய் வராது. 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு படப்பிடிப்பில் கார் ஸ்டண்ட் செய்தபோது எங்கள் மூத்த கலைஞர் ஒருவர் இறந்தார். காரை மேட்டில் ஏற்றி எகிறவைக்கிற ஷாட். அந்த வீடியோ எல்லோர் போனிலும் சுற்றியது. கார் விழுந்ததை நான் ஒரு தடவை பார்த்தேன், அப்புறம் பார்க்கவில்லை. அந்த வாரம் 'தி ஃபால் கை' படத்தின் கார் காட்சியைத் திரும்பப் பார்க்கலாம் என்று நினைத்துப் போட்டு, கட்டைவிரல் வருகிற இடத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டேன்.

தம்பிகளுக்குச் சொல்ல வந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். உங்கள் கதையில் கடத்தல்காரன் வேண்டாம். எனக்குப் படிக்கக் கொடுத்த கதைகளில் பாதியில் ஹீரோ டூப் கடைசியில் நிஜமாகவே நாலு ரவுடியை அடிக்கிறான். ஏன்? ரவுடியை அடிக்கத் தெரியாதவன்தான் நிஜ ஃபைட்டர். அடிபடாமல் அடிக்கிற மாதிரி காட்டத் தெரிந்தவன், நாலு அங்குலம் தள்ளிக் கையை நிறுத்தத் தெரிந்தவன். அவனை நிஜச் சண்டையில் விட்டால் பழக்கதோஷத்தில் நாலு அங்குலம் தள்ளித்தான் குத்துவான். அதை எழுதுங்கள், நான் முதல் ஆளாகப் படிக்கிறேன்.

இனி வாங்குகிறவர் கணக்கு. தியேட்டரில் வந்த 2 மணி 6 நிமிடப் பதிப்பே போதும். நீட்டிப்பில் சண்டையும் ஜோக்கும் கூடுதலாக இழுக்கிறது, நடுப்பகுதி ஏற்கெனவே தொய்வு, இன்னும் தொய்கிறது. நீங்கள் ஸ்டண்ட் தொழிலில் இருப்பவராக இருந்தால் மட்டும் நீட்டிப்பைப் பாருங்கள், சண்டையில் கை கால் எங்கே போகிறது என்று கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். பிள்ளைகளோடு பார்க்கலாமா என்றால், பத்து வயதுக்கு மேல் என்றால் பரவாயில்லை, ரத்தம் குறைவு, குடியும் போதையும் கொஞ்சம் உண்டு. டப்பிங்கில் பார்த்தால் மெகாஃபோன் காட்சியின் பாதி ருசி போய்விடும், அவள் குரல் ஏறி இறங்குவதுதான் அந்தக் காட்சி. ஆங்கிலத்திலேயே சப்டைட்டில் போட்டுப் பாருங்கள். நல்ல ஸ்பீக்கர் இருந்தால் கேனன் வெடிக்கிற சத்தத்துக்காகவே ஒரு தடவை சத்தத்தைக் கூட்டிவைக்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் அனுசரித்துப் போகிறவராக இருந்தால்.

படம் முடிந்ததும் ரிமோட்டை எடுத்துவிடாதீர்கள். பெயர்கள் ஓடும்போது இந்த ஸ்டண்டெல்லாம் எப்படி எடுத்தார்கள் என்று நிஜக் காட்சிகளைப் போடுகிறார்கள். கோஸ்லிங்கின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிற ஆட்களை அப்போதுதான் பார்க்கிறோம். கார் உருட்டிய லோகன் ஹாலடே, ஹெலிகாப்டரிலிருந்து 150 அடி விழுந்த ட்ராய் பிரவுன், தீயில் நின்ற பென் ஜென்கின், சண்டை போட்ட ஜஸ்டின் ஈட்டன். ஒரே கோல்ட் சீவர்ஸுக்கு நாலு பேர். ரோப் பிடிக்கிற ஆட்களும் ஓரத்தில் தெரிகிறார்கள், நான் அவர்களைத்தான் தேடினேன். அதற்கும் அப்புறம் பழைய டிவி தொடரின் லீ மேஜர்ஸ் ஒரு நிமிடம் வந்து போகிறார். படத்துக்கு ஐந்துக்கு மூன்று என்றால், அந்தக் கடைசி நிமிடங்களுக்கு மட்டும் தனியாக ஐந்துக்கு ஐந்து.